தவணைக்கு மாதம் உண்டு, கடலுக்கு மாதம் இல்லை

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: உங்கள் வீட்டில், வாங்கிய சில நாட்களுக்குப் பிறகு கையே படாமல் கிடக்கும் பொருள் எது, அதை வாங்கியபோது மனத்தில் என்ன இருந்தது? நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களைப் படித்து முடிக்க எனக்கு நான்கு இரவுகள் ஆயின. மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 28 ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். இந்தக் கடிதங்களில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் எத்தனை நாள் கடலுக்குப் போன உழைப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பெயரை வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். போன ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இறால் நன்றாகப் பட்ட நேரத்தில், வட்டியே இல்லாத தவணை என்று சொன்னதை நம்பி 55 அங்குலத் தொலைக்காட்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் எடுத்தோம். வாடைக்காலம் வந்ததும் தவணை தடுமாறியது. ஏப்ரலில் படகுகளைக் கட்டிப் போட்டதும் நின்றேபோனது. வங்கிக் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பும்போதெல்லாம் அபராதம் ஏறுகிறது. இயந்திரமோ இப்போதே அடியில் துருப்பிடித்துவிட்டது. வட்டி இல்லை என்றார்களே, இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? எங்கள் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டுமா அம்மா? – ஒரு வாசகி, பாம்பன்

சகோதரி, உங்கள் புத்தியை நொந்துகொள்ளாதீர்கள். பல ஆண்டுகள் கணக்கு எழுதிய எனக்கே, ஒரு தவணைப் படிவத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. மகிழ்ச்சியோடு கடைக்குள் நுழைந்த ஒரு குடும்பத்திடம் அதை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர், அதை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று அறிந்தே நீட்டுகிறார்.

கடன் கொடுப்பவர் எவரும் வட்டியை விட்டுக்கொடுப்பதில்லை. அது எந்தப் பெயரில் வந்து சேருகிறது என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லி, அத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வாங்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு பெயர் மாறி, 'கூடுதல் செலவில்லாத் தவணை' என்று வந்தது. ரொக்கம் கொடுத்து வாங்குபவர் பேரம் பேசிப் பெறக்கூடிய தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தள்ளுபடிதான் வட்டியாக நிதி நிறுவனத்துக்குப் போகிறது. கடன் அட்டை வழியாக எடுத்தால் வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக விழும். வட்டி 2,500 ரூபாய் என்றால் வரி 450 ரூபாய். நிதி நிறுவனத்தின் வழியாக எடுத்தால் செயலாக்கக் கட்டணமும் ஆவணக் கட்டணமும் உண்டு. சில வேளைகளில் நீங்கள் கேட்காத காப்பீடு ஒன்றும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும்.

இவை எல்லா ஊர்க்காரர்களுக்கும் பொதுவான இழப்பு. நம் கரைக்கு மட்டுமே உரிய இழப்பு ஒன்று இருக்கிறது. விளம்பரங்களில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வராது. மாதத் தவணை என்பது, ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் ஒரே தொகை கைக்கு வருகிறவருக்காக வகுக்கப்பட்ட ஏற்பாடு. நம் கடலுக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மற்ற நாட்களிலும் பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள்தான் தொழிலுக்குப் போகின்றன. அதற்குள்ளும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அனுமதிச் சீட்டு கிடைக்காது. வாடை வீசும் நாட்களில் படகு போனாலும் பாடு, அதாவது கிடைக்கும் மீன், டீசலுக்கும் ஐஸுக்கும் கட்டாத நாட்கள் பல உண்டு. இவ்வளவு ஏற்ற இறக்கமுள்ள வருமானத்தின் உச்சியில், அதாவது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் இறால் படும் நாட்களில், பன்னிரண்டு மாதத்துக்கான வாக்குறுதியை உங்களிடமிருந்து எழுதி வாங்கிவிடுகிறார்கள். கடையில் நின்ற அந்த மாலையில் உங்களால் நிச்சயம் கட்ட முடிந்திருக்கும் என்பதால் உங்களுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. அடுத்த ஏப்ரலை நினைவூட்ட அங்கே ஒருவரும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. 2024 அக்டோபர் முதல் தரப்படும் இத்தகைய கடன்களுக்கு, மொத்த வட்டி, எல்லாக் கட்டணங்கள், ஆண்டுக்கான முழுச் செலவு விகிதம் ஆகியவற்றைக் கொண்ட முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைத் தமிழில் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். தவறிய தவணைக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் மறுபடியும் வட்டி கணக்கிடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ஓர் ஆணையும் வந்திருக்கிறது. உங்கள் கணக்கில் அப்படி நடந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தடைக்கால மாதங்களைத் தள்ளி வைத்து மீதியை ஜூலைக்குப் பிறகு கட்ட முடியுமா என்றும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். மறுத்தாலும் நீங்கள் கேட்டதற்கு ஒரு சான்று கையில் இருக்கும். இந்த அபராதத்தை அடைப்பதற்காக மீன் வாங்கும் கம்பெனிக்காரரிடம் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிய கட்டு அது. ஒரு தொலைக்காட்சிக்காக அந்தக் கட்டுக்குள் போன குடும்பங்களை நான் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

இனி ஏதேனும் பெரிய பொருள் வேண்டுமென்றால், தவணையைப் பொருள் வருவதற்கு முன்பே கட்டத் தொடங்குங்கள். மாதம் 3,000 ரூபாய் கட்ட முடியும் என்று தோன்றினால், பாடு நன்றாக இருக்கும் வாரங்களில் அஞ்சலகக் கணக்கிலோ உங்கள் மகளிர் குழுவிலோ அந்தத் தொகையைப் போட்டு வாருங்கள். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் இந்த வழியில்தான் நடக்கிறது: உறுப்பினர் மாதந்தோறும் கொஞ்சமாகச் செலுத்தும் 1,500 ரூபாயோடு மத்திய, மாநில அரசுகளின் 3,000 ரூபாயும் சேர்ந்து, வருமானம் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. பணம் சேர்ந்து முடிவதற்குள் அந்தப் பொருளின் மேல் ஆசை போய்விட்டால், அது வேண்டாத பொருள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஆசை அப்படியே இருந்தால் ரொக்கத்துக்கு வாங்குங்கள், மகிழ்ச்சியாக வாங்குங்கள்.

துருவைப் பற்றியும் ஒரு சொல். விளம்பரத்தில் அந்த இயந்திரம் நிற்பது கடற்காற்று படாத ஓர் அறையில். பாம்பனின் உப்புக் காற்றும் நம் கிணறுகளின் உவர்நீரும் இரும்புத் தகட்டை எப்படித் தின்னும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே உத்தரவாத அட்டையில் துருவும் உவர்நீரால் வரும் பழுதும் விலக்கப்பட்டுள்ளனவா என்று வாங்கும் முன்பே பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம்.

ஆடித் தள்ளுபடியில் கொடுக்கப்படும் பாதி விலை உண்மையானதா? – ஒரு வாசகர், தேவிபட்டினம்

ஒரு பகுதி உண்மை. ஆடியில் திருமணங்கள் நடப்பதில்லை என்பதால் துணி வியாபாரம் படுத்துவிடும். தேங்கிய சரக்கை வெளியேற்றவே இந்த வழக்கம் தொடங்கியது. இப்போது ஆடிக்கென்றே தனிச் சரக்கு தைக்கப்பட்டு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏற்றி எழுதிய விலையிலிருந்து பாதியைக் குறைப்பதில் கடைக்காரருக்கு நட்டமில்லை. நம் கரையில், இறால் பணம் கைக்கு வந்த சில வாரங்களில் ஆடி பிறந்துவிடுகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஆடிக்கு முன்பே, ஆனி மாதத்திலேயே உங்களுக்குத் தேவையான துணிகளின் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு அதை மட்டும் வாங்குவதானால், ஆடிக் கடைக்குத் தாராளமாகப் போகலாம்.

வீட்டுக்கு வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி இரண்டு கண்ணாடித் தம்ளர்களில், ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் அவர் கொண்டு வந்த சுத்திகரித்த தண்ணீரையும் ஊற்றி, மின்சாரக் கருவி ஒன்றை இரண்டிலும் இறக்கினார். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் சாக்கடை போல் பழுப்பாகிக் கட்டி கட்டியாக மிதந்தது. அவருடையது தெளிவாகவே இருந்தது. இதையா குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். என் மாமியார் அழுதுவிட்டார். 18,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? – ஒரு வாசகி, ஏர்வாடி

உங்கள் மாமியாரிடம் முதலில் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கருவியில் இருக்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். நீங்கள் பார்த்தது அந்தத் துரு. அவர் கொண்டு வந்த தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை, நிறமும் வரவில்லை. அவர் மறுபடி வந்தால், அவருடைய தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு அதே கருவியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். உவர் நிறைந்த நம் மாவட்டத்தில் இந்த வித்தை மற்ற ஊர்களைவிட விரைவாகவும் பயங்கரமாகவும் பலிக்கும். இங்கே வீடு வீடாக இதைக் கொண்டுவரக் காரணமும் அதுவே.

எனினும் சுத்திகரிப்புக் கருவியே எவருக்கும் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை கூறுகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் வரும் வீட்டுக்கும், உவர்க்கிணற்றை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உங்கள் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்த பிறகு முடிவெடுங்கள். நுண்ணுயிரைப் பற்றிய அச்சம் மட்டுமே என்றால் கொதிக்கவைத்து ஆற்றிய நீர் போதும். வீட்டுக் கருவிகளில் பல, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் மாவட்டம் இது.

ஒரு தாயின் கண்முன்னே குழந்தை குடிக்கும் நீரைக் கறுப்பாக்கிக் காட்டுவது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. அந்த இளைஞரின் மேல் அல்ல. அவர் விற்றால்தான் அவருக்குச் சம்பளம். அவர் கையில் அந்தக் கருவியைக் கொடுத்து அனுப்பியவர்கள் மேல்தான் கோபம். முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

என் கணவர் துபாயில் இருக்கிறார். 14 வயது மகள், கைப்பேசியில் யாரோ பெட்டி பிரித்துக் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, முகத்துக்குப் பூசும் திரவங்களையும் தண்ணீர்க் குப்பிகளையும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் வாப்பா மறுக்காமல் பணம் அனுப்பிவிடுகிறார். அலமாரியில் ஏழு குப்பிகள் இருக்கின்றன. நான் மறுத்தால் நான்தான் கெட்டவள். – ஒரு வாசகி, கீழக்கரை

உங்கள் கடிதத்தில் இருவர் பேசாமல் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை வரும் தகப்பனாருக்கு, மகள் கேட்டதை வாங்கித் தருவதைத் தவிர அன்பைக் காட்டும் வழி அதிகம் இல்லை. வாப்பா இன்றும் தன்னை நினைத்தார் என்பதற்கு வாசலில் வந்து நிற்கும் பொதிதான் மகளுக்கு அடையாளம். விளம்பரக்காரர்கள் இந்தப் பிரிவை உண்டாக்கவில்லை, ஆனால் அதிலிருந்து நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். கீழக்கரையிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து சம்பாதித்தவர்களின் பெட்டிகளைத் திறக்கும் மகிழ்ச்சியை நான் அறிவேன்; அதில் நான் குற்றம் காணவில்லை. முன்பு பெட்டி வந்தபோது அதோடு ஆளும் வந்தார். இப்போது பெட்டி மட்டும் வாரம் ஒரு முறை வருகிறது. ஆகவே குப்பிகளைப் பற்றிப் பேசும் முன், வாரத்தில் ஒரு நாள் தகப்பனும் மகளும், எதையும் கேட்காமலும் எதையும் வாக்களிக்காமலும், அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள். பொருள் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை அவர் ஊருக்கு வரும் பயணச்சீட்டுக்கென்று மகள் பெயரிலேயே சேர்த்து வைக்கலாமே. எட்டாவது குப்பிக்கு எதிராக நீங்கள் வைக்கக்கூடியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காணொளிகள் எப்படி நடக்கின்றன என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். 14 வயதுப் பெண், தான் ஏமாற்றப்படுவதை விரும்பமாட்டாள். பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவித்தாக வேண்டும் என்று 2022 ஜூனில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க முடியும். இன்னும் இரண்டு நிமிடத்தில் சலுகை முடிகிறது என்று ஓடும் பொய்க் கடிகாரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கும் வாசகங்கள் முதலிய 13 தந்திரங்களை 2023 நவம்பரில் அரசு பெயர் குறிப்பிட்டுத் தடை செய்தது. ஒரு மாலையில் மகளோடு உட்கார்ந்து, அவள் பார்க்கும் செயலியில் இந்த மூன்றில் எத்தனை இருக்கின்றன என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள்.

நான் இராமேசுவரத்தில் சங்கு, சோழி, பாசிமணிக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பத்தியைத் தொடர்ந்து படிப்பவன். நானும் மக்களுக்குத் தேவையில்லாததைத்தான் விற்கிறேனா என்ற கேள்வி கொஞ்ச நாளாக உறுத்துகிறது. – ஒரு வாசகர், இராமேசுவரம்

ஐயா, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. 22 தீர்த்தங்களில் நீராடிவிட்டு, ஈரம் காயாத தலையோடு, வரமுடியாத தாய்க்கென்று 50 ரூபாய்க்கு ஒரு சிறு சங்கை வாங்கிப் போகும் ஒருவர் வேண்டாததை வாங்குவதாக நான் நினைக்கவில்லை. அவர் தானாகத் தேர்ந்தெடுக்கிறார், கையிலிருக்கும் காசைக் கொடுக்கிறார், ஊருக்குப் போனபின் அந்தச் சங்கு பூசை அறையில் பல ஆண்டுகள் இருக்கும். பாம்பன் சகோதரிக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

உங்கள் தொழிலில் எனக்கு உறுத்தும் இடங்கள் வேறு. பவளப்பாறைத் துண்டும் கடல் விசிறியும் எந்தக் கடையிலும் அலங்காரப் பொருளாக இருக்கக் கூடாது. 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விளைவாக நீரில் மூழ்கிவிட்டன. வேறு கடலிலிருந்து வந்த சோழியை இராமேசுவரத்துச் சோழி என்று சொல்லாமல், வந்த இடத்தைச் சொல்லியே விற்கலாம். நெகிழிப் பைக்குப் பதிலாக நம் மாவட்டத்துப் பெண்கள் முடையும் பனையோலைக் கொட்டானில் போட்டுக் கொடுத்தால், அந்த ஐந்து பத்து ரூபாயும் இந்தக் கரையிலேயே தங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வலம்புரி. நம் கடலின் சங்குகளில் வலப்பக்கம் சுழலும் வலம்புரி மிக மிக அரிது. ஆனால் அமெரிக்கக் கரையில் வாழும் வேறோர் இனத்தில் ஏறக்குறைய எல்லாமே இயல்பாக அந்தப் பக்கம் சுழல்பவை. அவற்றையே இறக்குமதி செய்து, செல்வம் சேரும் என்ற வாக்கோடு வலம்புரி என்று பல இடங்களில் விற்கிறார்கள். கடன் தீர வேண்டும் என்று வருபவரிடம்தான் அது பெரும்பாலும் விலை போகிறது என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. இரண்டையும் பிரித்தறியும் வழி உங்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது: நம் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு வரம்புகள் விரலுக்குத் தட்டும், அந்த அயல் இனத்தில் தண்டு வழவழப்பாக இருக்கும். உங்கள் கடைக்கு வந்து வலம்புரி கேட்கும் ஒவ்வொருவரையும், விலை சொல்வதற்கு முன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்வீர்களா?